பால்வாடிக்கு இன்னொரு டீச்சர் வேண்டும்: இரண்டு துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைக்கும், பள்ளிக் கல்வித் துறைக்கும்.

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

காவிரிக் கடைமடையில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வேலைக்கு வந்து 22 வருடம் ஆகிறது. அதில் 16 வருடம் ஒன்றாம் வகுப்புதான். நானே கேட்டு வாங்கிக்கொண்ட வகுப்பு.

ஒரே மடலை இரண்டு துறைக்கும் எழுதக் காரணம் உண்டு. எங்கள் பள்ளி வளாகத்துக்குள்ளேயே அங்கன்வாடி இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அது இன்றைக்கும் பால்வாடிதான். என் வகுப்பு வாசலிலிருந்து அதன் படிக்கட்டுக்கு நாற்பது அடி இருக்கும். அந்த நாற்பது அடியைத் தாண்டும்போது ஒரு பிள்ளை சமூக நலத்துறையை விட்டுப் பள்ளிக் கல்வித்துறைக்கு வந்துவிடுகிறது. பிறந்த நாளிலிருந்து அதன் எடை, உயரம், தடுப்பூசி என்று அத்தனையும் அங்கே பதிவேட்டில் இருக்கும். என் கைக்கு வருவது பிறப்புச் சான்றும் ஆதார் நகலும் மட்டுமே. இந்தப் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா, பேச்சு எப்போது வந்தது, எதைக் கண்டால் பயப்படும், எதைக் கொடுத்தால் அழுகையை நிறுத்தும் என்பதெல்லாம் தெரிந்த ஒரு மனுஷி நாற்பது அடி தள்ளி இருக்கிறார். அவரும் நானும் உட்கார்ந்து பேச ஒரு அரைமணி நேரத்தை எந்தத் துறையும் இதுவரை ஒதுக்கவில்லை.

போன ஜூனில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் 19 பேர். முதல் இரண்டு நாள் அழுகையெல்லாம் ஓய்ந்த பிறகு, மூன்றாம் நாள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து நடுவில் ஒரு தாம்பாளத்தில் புளியங்கொட்டையைக் கொட்டினேன். ஆளுக்கு ஐந்து எடுங்கள் என்றேன். ஏழு பேர் சரியாக எடுத்தார்கள். நாலைந்து பேர் ஒன்று, இரண்டு என்று பத்து வரை கடகடவென்று ஒப்பித்தார்கள், ஆனால் கை அள்ளியது ஒரு குத்து. வாய்க்கு எண் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்து அதே மாதிரி எடுத்தார்கள். ஒரு பையன் மட்டும் தாம்பாளத்தின் பக்கமே திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காது கேட்கவில்லையோ என்று பதறிப்போய்ப் பக்கத்தில் போய் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உடனே திரும்பினான். கையில் தட்டைக் கொடுத்து, 'நீ அஞ்சு எடு தங்கம்' என்றதும் அழகாக ஐந்து எடுத்து வைத்தான். காதிலும் குறையில்லை, புத்தியிலும் குறையில்லை. எல்லோரையும் பார்த்து நான் சொன்னது தனக்கும் சேர்த்துத்தான் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்பா திருப்பூரில் இருக்கிறார். அம்மா நடவு, களை என்று விடியற்காலையில் போய்விடுவார். வீட்டில் அவனோடு பேச்சுக்கு இருப்பது பாட்டி மட்டும்தான். ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, பொதுவாகச் சொல்வதைத் தனக்கும் என்று எடுத்துக்கொள்வதே ஒரு படிப்பு. மூன்று, நான்கு வயதில் வட்டமாக உட்கார்ந்து கதை கேட்டும், பாட்டுப் பாடியும், 'இப்ப உன் முறை' என்று காத்திருந்தும்தான் அது வரும். அவன் இரண்டு வருடம் ஒரு நாள் விடாமல் பால்வாடிக்கு வந்த பிள்ளை.

பள்ளிக்குத் தயாராவது என்று நான் சொல்வது இதைத்தான். அகரவரிசை எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று எந்த ஒன்றாம் வகுப்பு ஆசிரியையும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு கதையைக் கடைசி வரைக்கும் கேட்க வேண்டும். 'ஒண்ணுக்கு வருது டீச்சர்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சட்டைப் பித்தானைப் போட விரலில் வலு வேண்டும். 'பல்லி' என்று சொன்னால் அது 'ப'வில் தொடங்குகிறது என்று காதுக்குப் பிடிபட வேண்டும். அடுத்த பிள்ளை கையில் இருக்கும் பொருளைப் பிடுங்காமல் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். இவ்வளவும் இருந்தால் எழுத்தை மூன்று மாதத்தில் நான் கொண்டுவந்துவிடுவேன். இல்லாமல் வருகிற பிள்ளைக்கு ஆகஸ்ட் வரை இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்குள் புத்தகம் பாதி தூரம் ஓடிப்போயிருக்கும்.

2022-23இல், ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. எல்லாப் பிள்ளையும் ஒரே இடத்தில் இல்லை என்பதை அரசு ஒத்துக்கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கொடுத்தது. ஆனால் அரும்புக்கும் முன்னால் ஒரு நிலை இருக்கிறது. அந்த நிலையில் வருகிற பிள்ளைக்கு என் கையேட்டில் பக்கம் கிடையாது. அந்தப் பக்கம் நாற்பது அடி தள்ளி இருக்கும் கட்டடத்தில் படித்து முடித்திருக்க வேண்டியது.

அங்கே ஏன் முடியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் எங்களுக்குப் பள்ளி இல்லை, பால்வாடி உண்டு. ஒரு நாள் காலையில் போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வந்தவர்கள் 16 பிள்ளைகள். உதவியாளரை ஊரில் ஆயாம்மா என்போம். எங்கள் ஆயாம்மா ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியும் புது ஆள் வரவில்லை. அதனால் பணியாளரே அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்தபடி வந்து பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தார். குருவி ஒன்று கூடு கட்ட இடம் தேடிப் போன கதை. குருவி முதல் மரத்துக்குப் போவதற்குள் வாசலில் ஒரு கர்ப்பிணிப் பெண் சத்துமாவு வாங்க வந்துவிட்டார். 2025 ஜூலையிலிருந்து, ஒன்றிய அரசின் ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியான போஷன் டிராக்கரில் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்த்தால்தான் மாவு கொடுக்க முடியும். உள்ளே சிக்னல் இல்லை. இருவரும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். அந்தப் பெண் முக்காட்டை எடுத்து, வெயிலைப் பார்த்து நின்று, மறுபடி நிழலுக்கு வந்து நின்று, நாலாவது தடவைதான் படம் ஏறியது. உலை பொங்குகிற சத்தம் கேட்டு ஓடிவந்தார். பிறகு ஒரு கைக்குழந்தையை எடை பார்க்கக் கொண்டுவந்தார்கள். பிறகு மேற்பார்வையாளரிடமிருந்து போன். ஏதோ ஒரு விவரம் பன்னிரண்டு மணிக்குள் வாட்ஸ்அப்பில் வேண்டுமாம். நடுவில் இரண்டு பிள்ளைகள் கடித்துக்கொண்டார்கள், இன்னொரு பிள்ளைக்குக் கால் கழுவிவிட வேண்டியிருந்தது. அன்று முட்டை நாள். பதினாறு முட்டையையும் சூட்டோடு உரித்துப் போட்டதும் அவர்தான்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்தேன். காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்லிக்கொடுக்க அவருக்குக் கிடைத்தது 25 நிமிடம். குருவி கடைசி வரை கூடு கட்டவே இல்லை. கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: 'ஒரு நாளாச்சும் ஒரு கதைய முழுசா சொல்லி முடிக்கணும் டீச்சர்.'

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தாய், சேய், வளரிளம்பெண், தடுப்பூசி முகாம், எடை, உயரம், உணவு, இருப்புப் பதிவேடு, வீடு வீடாகக் கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் பல ஊர்களில் அதுவும் என்று இத்தனையும் ஒரே ஆளின் தலையில் இருக்கிறது. முன்பருவக் கல்வி, அதாவது பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்கான படிப்பு, அந்தப் பட்டியலில் ஒன்று. மற்ற எல்லா வேலைக்கும் கணக்குக் கேட்க ஆள் உண்டு. மாவு குறைந்தால் கேட்பார்கள், முட்டை குறைந்தால் கேட்பார்கள், செயலியில் பதியாவிட்டால் அன்றைக்கே கேட்பார்கள். கதை பாதியில் நின்றதை யாரும் கேட்பதில்லை. எனவே முதலில் நின்றுபோவது கதைதான். ஆடிப்பாடி விளையாடு பாப்பா என்று சமூக நலத்துறையே போட்ட நல்ல பாடத்திட்டம் அந்த அலமாரியில் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்று யோசித்துச் செய்தது. நான் புரட்டிப் பார்த்தேன். என் ஒன்றாம் வகுப்புக்கே அதிலிருந்து இரண்டு விளையாட்டை எடுத்துக்கொண்டேன். குறை பாடத்திட்டத்தில் இல்லை.

என்ன செய்தால் சரியாகும் என்பது தெரியாத புதிரும் அல்ல. நம் மாநிலத்திலேயே, சமூக நலத்துறையின் ஒத்துழைப்போடு, சோதித்துப் பார்த்தாகிவிட்டது. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோரும் சேர்ந்து தமிழ்நாட்டில் 4 மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களுக்கு மட்டும், முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் வேலையில் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். மற்ற மையங்களை இருந்தபடி விட்டார்கள். 18 மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். கூடுதல் ஆள் இருந்த மையத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) மதிப்பெண் கூடியிருந்தது. கல்வி ஆய்வுகளில் 0.2 வந்தாலே நல்ல முன்னேற்றம் என்பார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது வேறொன்று. பழைய பணியாளருக்குக் கை கொஞ்சம் ஓய்ந்ததும் அவர் அந்த நேரத்தைச் சத்துணவுக்கும் தாய்மார்களைப் பார்ப்பதற்கும் கொடுத்தார். அந்த மையங்களில் தொடர்ந்து இருந்த பிள்ளைகளிடையே வயதுக்கேற்ற உயரமில்லாத குறையும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும்கூடக் குறைந்தன. படிப்புக்காகப் போட்ட ஆள் பிள்ளையின் உடம்பையும் தேற்றியிருக்கிறார். மாநிலம் முழுக்க இதைச் செய்தால் செலவைப்போல் 13 முதல் 21 மடங்கு பலன் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். மடங்குக் கணக்கு எனக்குத் தெரியாது. பதினாறு பிள்ளைக்கும் ஒரே ஒருத்தருக்கும் நடுவில் இன்னொருத்தர் வந்தால் என்ன ஆகும் என்பது அந்த டிசம்பர் காலையைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

இதன் ஒரு துண்டை நாம் ஏற்கெனவே செய்தும் பார்த்திருக்கிறோம். 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. அதில் எங்கள் பால்வாடியும் ஒன்று. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். பலருக்குப் பிடிக்கவில்லை, சிலர் நீதிமன்றம் போனார்கள். எங்களுக்கு வந்தவர் முதல் மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வந்தார். பெரிய பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தவரை மூன்று வயதுக் குழந்தைக்கு மூக்குத் துடைக்க அனுப்பினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கோடை விடுமுறை வருவதற்குள் அவர் வேறு ஆளாகியிருந்தார். களிமண் பிசைய வைத்தார், கிழிந்த நாட்காட்டியில் இலை ஒட்ட வைத்தார். அந்த வருடம் அங்கிருந்து எனக்கு வந்த பிள்ளைகளை இன்னும் மறக்கவில்லை. அவர்கள் கேள்வி கேட்டார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் வாரத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் கொரோனா. 2022 ஜூனில் அந்த வகுப்புகளைப் பள்ளிக் கல்வித்துறை இனி நடத்தாது, பிள்ளைகள் அங்கன்வாடிக்கே போகலாம் என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே அந்த முடிவு மாறியது. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டு நடத்துவோம் என்றார்கள். முடிவு மாறியதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் 5,000 ரூபாய்க்கு வந்த பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்தவர். நல்ல குரல், பிள்ளைகளுக்கு அவர் மடிதான் வேண்டும். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போக அவர் கையில் என்ன நின்றிருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள், எனக்கு அழுகை வரும். ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார். அங்கே சம்பளம் இதைப்போல் இரண்டு மடங்கு. போன வருடம் பெண்ணுக்குப் பாவாடை எடுக்கப் போனபோது என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். முதலில் கேட்டது எந்தெந்தப் பிள்ளை இப்போது எந்த வகுப்பு என்று. பெயர் பெயராகக் கேட்டார்.

இப்படிப்பட்டவர்களை நாம் வைத்துக்கொள்ளத் தெரியாமல் விட்டுக்கொண்டிருக்கிறோம். ஒன்றிய அரசு அங்கன்வாடிப் பணியாளருக்குத் தரும் மதிப்பூதியம் 2018இல் 4,500 ரூபாய் ஆனது. உதவியாளருக்கு 2,250. மாநில அரசு அதற்கு மேல் போட்டுத் தருகிறது என்பது உண்மை. அதற்காகத் தமிழ்நாட்டை மெச்சத்தான் வேண்டும். 2022இல் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அவர்கள் செய்வது தொண்டு அல்ல, வேலை என்று நீதிமன்றமே பார்த்துவிட்ட பிறகும், நாம் மூன்று வயதுப் பிள்ளையின் படிப்பைத் தொண்டுக் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 86ஆவது திருத்தத்துக்குப் பிறகு, ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் தர அரசு முயல வேண்டும் என்கிறது அரசமைப்பின் 45ஆவது பிரிவு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. செய்யலாம். ஆறு வயதுக்கு மேல் 'வேண்டும்', அதற்குக் கீழே 'லாம்'. தமிழ் இலக்கணம் படித்த யாருக்கும் அந்த ஒரு விகுதியில் எத்தனை பிள்ளைகள் விழுந்துபோகும் என்பது தெரியும். அதே சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடத்தில் ஏழைப் பிள்ளை எல்.கே.ஜி. சேர்ந்தால் அதற்குக் கட்டணத்தை அரசு கட்டுகிறது. கட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. ஆசிரியருக்கு அரசுப் பணம் போகலாம் என்றால், அரசின் சொந்த மையத்தில் ஒரு ஆசிரியருக்கு ஏன் போகக்கூடாது?

தமிழ்நாட்டுக்கு இதில் இன்னொரு அவசரமும் உண்டு. ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது ஆகியிருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு சொல்கிறது. நாம் ஐந்து வயதில் சேர்க்கிறோம். ஐந்துக்கு நான் எதிரி இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளையை இன்னொரு வருடம் வீட்டில் வைத்திருந்தால் அது வயல்வரப்பில்தான் இருக்கும். ஆனால் பல மாநிலங்களில் பிள்ளைக்கு ஆறு வயது வரை கிடைக்கும் அவகாசம் நம் பிள்ளைக்கு ஐந்தோடு முடிந்துவிடுகிறது. மூன்றிலிருந்து ஐந்து வரை இருக்கும் அந்த இரண்டே வருடத்தில் கதை பாதியில் நின்றால், அதை ஈடுகட்ட நமக்கு மூன்றாவது வருடம் இல்லை. பஞ்சாப் 2017 நவம்பர் 14 அன்றே அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முன்பருவ வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. நாம் பின்னால் நிற்க வேண்டிய மாநிலம் அல்ல.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு அங்கன்வாடியிலும் முன்பருவக் கல்விக்கென்றே இன்னொருவர் வேண்டும். காலை நேரம் முழுக்க அவர் பிள்ளைகளோடு மட்டும் இருக்க வேண்டும். அவர் கையில் செயலி கூடாது, பதிவேடு கூடாது, கணக்கெடுப்புக்கு அனுப்பக் கூடாது. உள்ளூர்ப் பெண்ணாக இருந்தால் மிக நல்லது. பிள்ளையின் பேச்சு அவருக்குப் புரியும், பிள்ளையின் பாட்டியை அவருக்குத் தெரியும். பட்டயப் பயிற்சி முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பெண்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கிறார்கள்.

செலவு என்பீர்கள். நானே கூட்டிப் பார்த்தேன். தமிழ்நாட்டில் முதன்மை மையங்கள் 49,499, குறு மையங்கள் 4,940, ஆக 54,439. ஒவ்வொன்றுக்கும் ஒருவர், மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 653 கோடி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. நூறு ரூபாயில் ஒன்றரை ரூபாய்கூட இல்லை. பத்தாயிரம் போதாது என்பதை நானே சொல்வேன். இருபதாயிரம் என்று வைத்தாலும் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்குள் அடங்கும். ஒரே வருடத்தில் எல்லா இடத்திலும் முடியாது என்றால், பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் மையங்களில் தொடங்குங்கள். அங்கே கழிப்பறை உண்டு, சுற்றுச்சுவர் உண்டு, பக்கத்திலேயே நாங்களும் இருக்கிறோம். ஆனால் தொடங்கிவிட்டு மூன்று வருடத்தில் நிறுத்தாதீர்கள். காலியாக இருக்கும் பணியாளர், உதவியாளர் இடங்களையும் நிரப்புங்கள். 2025இல் 7,783 இடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தபோது எங்கள் ஊரில் பெண்கள் சான்றிதழைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஆயாம்மா இல்லாத இடத்தில் ஆசிரியரைப் போட்டால் அவரும் உலை வைக்கத்தான் போவார்.

யாருக்குக் கீழே அவர் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு துறையும் இழுபறி செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். 2022இல் பிள்ளைகள் பட்ட பாடு அந்த இழுபறியால்தான். சம்பளம் எந்தத் தலைப்பில் போனாலும் பிள்ளைக்கு அது தெரியப்போவதில்லை. பயிற்சியையும் பாடத்தையும் பள்ளிக் கல்வித்துறை பார்த்துக்கொள்ளட்டும், உணவையும் உடல்நலத்தையும் சமூக நலத்துறை பார்த்துக்கொள்ளட்டும். மே மாதத்தில் ஒரு நாள், இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே பாயில் உட்கார்ந்து, வரப்போகிற ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேசி ஒரு பக்கம் எழுதி என் கையில் கொடுக்க ஒரு அரசாணை போடுங்கள். இதற்குச் செலவே கிடையாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் தவறாகும். ஆசிரியரைப் போட்டுவிட்டு, தனியார் நர்சரி மாதிரி நடத்துங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊருக்குக் காலையில் மூன்று மஞ்சள் வேன் வருகிறது. கூலி வேலைக்குப் போகும் தாய் வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டுகிறாள். 'பால்வாடியில சும்மா தூங்க வைக்கிறாங்க டீச்சர், அங்க போனா இங்கிலீஷு எழுதுது' என்று என்னிடமே சொல்கிறாள். அவள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்க முடியாது. ஆனால் அந்த வேனில் போய்விட்டு, கட்டணம் கட்ட முடியாமல் என்னிடம் வந்து சேர்ந்த ஒரு பெண் பிள்ளையின் நடுவிரலில் பென்சில் அழுத்திக் காய்ப்புக் காய்த்திருந்தது. ஐந்து வயதுதான். நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். 'உனக்குத் தெரிஞ்ச கதை ஒண்ணு சொல்லு' என்றேன். கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை, அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டேன்.

பிள்ளைக்கு ஆங்கிலம் வரட்டும். பாட்டாக, விளையாட்டாக, தமிழில் கதை கேட்டுப் பழகிய காதுக்கு அதுவும் வரும். தாய்மார்களுக்கு வேண்டியது அங்கே ஏதோ நடக்கிறது என்ற நம்பிக்கை. மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களை உள்ளே கூப்பிட்டுப் பிள்ளை கதை சொல்வதைக் கேட்கவைத்தால், வேனுக்குக் கொடுக்கும் காசு முட்டைக்கும் பழத்துக்கும் மிஞ்சும்.

சோற்று விஷயத்தில் இந்த மாநிலம் எவரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது கிராமத்தின் இரண்டு வயதுப் பிள்ளையும் அதில் இருந்தது. காசு எங்கே என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவள். எங்கள் பால்வாடியில் அப்போது ஒரு டீச்சர் இருந்தார். வேலை இத்தனை இல்லாத காலம். மழை நாளில் எங்களை மடியோடு அணைத்து உட்காரவைத்துக்கொண்டு கதை சொல்வார். அவர் முகம் மறந்துவிட்டது. கதையின் நரியும் திராட்சைத் தோட்டத்து வேலியும் அவர் குரலோடு இன்னும் காதில் இருக்கின்றன. அதே கதையைத்தான் ஒவ்வொரு ஜூனிலும் என் பிள்ளைகளுக்கு முதல் கதையாகச் சொல்கிறேன்.

2022 செப்டம்பர் 15 முதல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தபோது, முதல் நாள் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ஒரு பையன் இரண்டு கையிலும் கொஞ்சம் மூடி எடுத்துக்கொண்டு பால்வாடிப் பக்கம் ஓடினான். தங்கை அங்கே இருக்கிறாள். திட்டம் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

உங்களில் யாராவது ஒருவர் ஒரு நாள் வாருங்கள். எங்கள் ஊருக்குத்தான் வரவேண்டும் என்பதில்லை, எந்த ஊர்ப் பால்வாடிக்கானாலும் சரி. முன்கூட்டித் தகவல் சொல்லாமல், காலை பத்து மணிக்கு. தகவல் சொன்னால் கோலம் போட்டு, பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை போட்டு, அன்றைய நாளும் கெட்டுப்போகும். ஓரமாகப் பாயில் உட்காருங்கள். ஒரு கதை தொடங்கும். அது எத்தனை தடவை நிற்கிறது என்று எண்ணிக்கொண்டே இருங்கள். சாப்பாட்டு நேரம் வந்ததும், அது எங்கே நின்றது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து நீங்களே அதைச் சொல்லி முடித்துவிட்டு, சென்னைக்குப் போய்க் கோப்பை எடுங்கள்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு ஆசிரியை,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
காவிரிக் கடைமடை.